ஜனதா வாட்ச்சுக்கு ஏற்ற ஸ்ட்ராப்

பழைய கைக்கடிகாரத்தில் முதலில் நைந்துபோவது அதன் ஸ்ட்ராப். சாவி கொடுத்து ஓடும் கடிகாரத்தை அவ்வப்போது பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போட்டு வந்தால் ஐம்பது, அறுபது ஆண்டுகள் ஓடும். அதைக் கையோடு பிணைக்கும் தோல் சென்னையின் வெயிலையும் வியர்வையையும் இரண்டு மூன்று ஆண்டு தாங்கினாலே பெரிது. ஆகவே ஒரு கடிகாரம் தன் ஆயுளில் பல ஸ்ட்ராப்களைக் காண்கிறது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கடிகாரக் கூட்டுக்கும் அதைக் கட்டுகிறவரின் தோலுக்கும் கேடு வராதபடி தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. அழகு அதற்கு அடுத்தது.

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் செல்லும் சாலையை ஒட்டிய கள்ளிக்குப்பத்தில், 1970களிலும் 80களிலும் கைக்கடிகாரம் என்றால் பெரும்பாலும் எச்.எம்.டி.தான். 1953இல் பெங்களூரில் தொடங்கிய இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம், ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்ப உதவியோடு 1961இல் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. லேத் செய்த கம்பெனியே வாட்ச்சும் செய்தது என்பதில் அம்பத்தூர் தொழிலாளர்களுக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப், பாடியின் கம்பெனிகள், 1964இல் அமைந்த தொழிற்பேட்டை, ஆவடி டாங்க் ஃபேக்டரி என்று சுற்றுவட்டாரம் முழுவதும் ஷிஃப்ட் கணக்கில் வாழ்ந்தது. சங்கு ஊதுவதற்குள் கேட்டுக்குள் நுழைய வேண்டியவருக்கு வாட்ச் ஒரு கருவி. திருமணத்தில் மோதிரத்தோடு மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் போடும் பொருளும் அதுவே. அப்படி ஒரு ஃபிட்டருக்கு மாமனார் வீட்டில் போட்ட எச்.எம்.டி. ஜனதாதான் இக்கட்டுரைக்கு உதாரணம். இதை எழுதுபவர் அவருடைய மகள். அந்த வாட்ச்சில் ஸ்ட்ராப்கள் மாறிய வரிசை அவர் நினைவில் அப்படியே நிற்கிறது.

ஜனதா மட்டுமே அந்த ஊரில் இருந்ததாகச் சொல்ல முடியாது. சில வீடுகளில் தாத்தா காலத்து வெஸ்ட் எண்ட், ஃபேவர் லூபா வாட்ச்கள் இருந்தன. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் கையில் சீகோ 5 மின்னியது. வெளிநாட்டு வாட்ச் வேண்டும் என்றால் பாரிமுனையின் பர்மா பஜாருக்குப் போனார்கள். 1984இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஒசூரிலிருந்து மெலிதான குவார்ட்ஸ் வாட்ச்களைக் கொண்டுவந்த பிறகு, சாவி வாட்ச்கள் ஒவ்வொன்றாகப் பீரோவுக்குள் போயின. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த செய்தி வந்தபோது, பலரும் பீரோவைத் திறந்து அவற்றை மறுபடி வெளியே எடுத்தார்கள். சாவி கொடுத்தால் வாட்ச் ஓடியது. ஸ்ட்ராப்தான் கையில் எடுத்ததும் துண்டு துண்டாக உதிர்ந்தது.

புது ஸ்ட்ராப் வாங்கும் முன் அகலத்தை அளக்க வேண்டும். கடிகாரக் கூட்டின் மேலும் கீழும் இரண்டிரண்டாக நீட்டிக்கொண்டிருக்கும் கால்களின் நடுவே ஸ்ட்ராப் உட்காருகிறது. ஒரு காலின் உள்பக்கத்திலிருந்து அடுத்த காலின் உள்பக்கம் வரை உள்ள இடைவெளியே ஸ்ட்ராப்பின் சைஸ். ஜனதா, பைலட் போன்ற ஆண்கள் வாட்ச்களில் இது பெரும்பாலும் 18 மில்லிமீட்டர். பழைய சுவிஸ் வாட்ச்களில் 16, 17 வரும். பழைய சீகோவில் 18, 19 இரண்டும் உண்டு. பெண்கள் வாட்ச்களில் இன்னும் குறுகலாக இருக்கும். கடைகளில் எளிதில் கிடைப்பவை 18, 20, 22 என்ற இரட்டைப்படை அளவுகள். 17க்கும் 19க்கும் தேடித்தான் வாங்க வேண்டும். 17 இடத்தில் 18ஐத் திணித்தால் தோலின் ஓரம் மடங்கிக் கூட்டை உரசும். 18 இடத்தில் 17ஐப் போட்டால் ஸ்ட்ராப் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, பின்னையும் அது உட்காரும் துளையையும் தேய்த்துவிடும். அம்பத்தூரில் இந்த அளவை எடுக்க ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஃபிட்டரோ டர்னரோ இருக்கும் எந்த வீட்டிலும் வெர்னியர் காலிப்பர் பிடிக்கத் தெரிந்த ஒரு கை இருந்தது. சாதாரண வெர்னியர் 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும். ஸ்ட்ராப்புக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டியதில்லை, அரை மில்லிமீட்டர் சரியாகத் தெரிந்தால் போதும். வெர்னியரின் எஃகுத் தாடை கூட்டைக் கீறாமலிருக்க, கால்களின் மேல் செல்லோடேப் ஒட்டிவிட்டு அளப்பது அந்த ஃபிட்டரின் வழக்கம். கீழே விழுந்து அடிபட்ட வாட்ச்சில் ஒரு கால் உள்வாங்கியிருக்கலாம். அதனால் மேல் பக்கம், கீழ்ப் பக்கம் இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

அளவுக்கு அடுத்து வருவது பின். குழாய்க்குள் சுருள்வில் அடங்கிய இந்தச் சின்னப் பின்தான் வாட்ச்சின் முழு எடையையும் தாங்குகிறது. இரண்டு நுனிகளும் கால்களின் உள்பக்கத் துளைகளில் உட்காரும். வியர்வையில் துருப்பிடித்த பின், சாதாரண நாளில் எதையும் காட்டிக்கொள்ளாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதோ, சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போதோ ஒரு இழுப்பில் விட்டுவிடும். சில ரூபாய்ப் பொருளுக்காகப் பரம்பரை வாட்ச் தொலைந்துபோகக் கூடாது. ஸ்ட்ராப் மாற்றும் ஒவ்வொரு முறையும் துருப்பிடிக்காத எஃகில் செய்த புதுப் பின்கள் போட வேண்டும் என்பதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. துளை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தால், நுனி சற்றுத் தடித்த பின்னைக் கேட்டு வாங்கலாம். முதல் உலகப் போர்க் காலத்து வாட்ச்கள் பலவற்றில் பின்னே கிடையாது. கால்களுக்கு இடையே கம்பி நிரந்தரமாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு நுனி திறந்த ஸ்ட்ராப்போ, கம்பிக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வரும் ஒரே பட்டையோதான் பொருந்தும்.

தடிமனில் பலரும் கவனம் வைப்பதில்லை. இன்று கடைகளில் தொங்கும் ஸ்ட்ராப்கள் பெரும்பாலும் இன்றைய பெரிய வாட்ச்களுக்காகச் செய்தவை. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து, வாட்ச்சோடு சேரும் இடத்தில் நான்கைந்து மில்லிமீட்டர் வரை உப்பியிருக்கும். ஜனதா போன்ற வாட்ச்சில் பின்னுக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள சந்து குறுகியது. தடித்த ஸ்ட்ராப் அந்தச் சந்தில் நெருக்கிக்கொண்டு ஒவ்வொரு அசைவிலும் கூட்டைத் தேய்க்கும், பின்னையும் வெளிப்பக்கமாக வளைக்கும். இரண்டு, மிஞ்சினால் இரண்டரை மில்லிமீட்டர் தடிமன்தான் அந்தக் காலத்து வாட்ச்சுக்குச் சரி. அகலம் கொக்கியை நோக்கி 18இலிருந்து 16 ஆகக் குறைந்து வந்தால் இன்னும் பொருந்தும்.

சாவி வாட்ச்சுக்கே உரிய இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அதற்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டும், கையிலிருந்து கழற்றித்தான் கொடுக்க வேண்டும். கையில் கட்டியபடி திருகினால் சாவியின் தண்டு பக்கவாட்டில் அழுத்தப்படும். "கையில கட்டிக்கிட்டு சாவி குடுக்காதம்மா, தண்டு வளைஞ்சிடும்" என்பது அந்த வீட்டில் அடிக்கடி கேட்ட சொல். அப்படியானால் தினமும் இருமுறையாவது ஸ்ட்ராப் அதே துளையில் மாட்டி, அதே இடத்தில் மடங்கி, மறுபடி பிரிகிறது. குவார்ட்ஸ் வாட்ச்சின் ஸ்ட்ராப்புக்கு இவ்வளவு வேலை இல்லை. பூச்சு மட்டும் பளபளக்கும் மலிவுத் தோல் சில மாதங்களில் அந்த மடிப்பில் வெடித்துவிடுவதற்கு இதுவே காரணம்.

நல்ல தோல் எது என்று அறிய, தமிழ்நாட்டில் பிறந்தவர் வெகுதூரம் போக வேண்டாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பதனிட்ட தோல் காலங்காலமாகச் சென்னை பெரியமேட்டின் மண்டிகளுக்கு வந்து விலைபோகிறது. அடையாற்றில் 1948இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பதனிடுவதில் பெரிய முறைகள் இரண்டு. ஒன்று ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரில் நாள்கணக்கில் ஊறவைக்கும் பழைய தென்னிந்திய முறை. ஆங்கிலேயர் காலத்தில் இந்தத் தோல் ஈஸ்ட் இண்டியா லெதர் என்ற பெயரில் கப்பலேறியது. இன்று ஈ.ஐ. லெதர் என்று புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. மற்றது குரோமிய உப்பில் விரைவாகப் பதனிடுவது. 1912இல் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனி இதை இங்கே பெரிய அளவில் செய்தது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததும் அந்தத் தொழிற்சாலையால்தான்.

குரோம் தோல் மென்மையானது. தண்ணீர் பட்டால் சீக்கிரம் கெடாது, நிறமும் எளிதில் மாறாது. ஆவாரம் பட்டைத் தோல் முதலில் விறைப்பாக இருந்து, கட்டக் கட்ட மணிக்கட்டின் வளைவுக்குப் படிந்துவிடும். நாள்பட்டால் நிறம் ஆழ்ந்து கருக்கும். வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் இரண்டையும் பல சமயம் பிரித்தறியலாம்: ஆவாரம் பட்டைத் தோல் உள்ளே வரை பழுப்பாக இருக்கும், குரோம் தோலின் நடுவே நீலஞ்சாம்பல் கோடு ஓடும். ஓரம் முழுக்கப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தால் கொஞ்சம் யோசித்து வாங்குவது நல்லது. தோல் தூளைப் பசையிட்டு அழுத்திய அட்டையாகவும் அது இருக்கலாம். ஸ்ட்ராப்பைச் சற்று மடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நல்ல தோலில் நுண்ணிய சுருக்கம் விழுந்து மறையும். அட்டையில் விழுந்த கோடு போகாது.

ஆவாரம் பட்டைத் தோலில் ஒரு குறையும் உண்டு. அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கருமை ஏறும். துருப்பிடித்த பின்னோ மலிவான கொக்கியோ பட்ட இடத்தில் கரும்புள்ளி விழுந்தால் போகாது. நல்ல பின் போடுவதற்கு இது இன்னொரு காரணம். குரோம் பதனிடுதலின் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதை வேலூர் மாவட்டம் அறியும். 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்த வழக்கு அது. ஒரு சாண் தோலுக்கு ஆற்றின் கணக்கைப் பார்ப்பதா என்று யாரும் கேட்கலாம். பார்க்கலாம் என்றே இதை எழுதுபவர் கருதுகிறார், மாற்று நம் ஊரிலேயே கிடைக்கும்போது.

அந்த ஜனதாவின் முதல் ஸ்ட்ராப் கறுப்புத் தோல். லேத், டிரில்லிங் மெஷின் முன் நிற்பவர் வாட்ச்சும் மோதிரமும் போடக் கூடாது என்பது பட்டறைகளின் பொது விதி. சுழலும் பாகத்தில் சிக்கினால் கை போய்விடும். அதனால் வேலை நேரத்தில் வாட்ச் சட்டைப் பையிலோ சாப்பாட்டுப் பையிலோ கிடந்தது. தோல் ஸ்ட்ராப் அதற்குத் தோதாகச் சுருண்டு படுத்துக்கொள்ளும், கண்ணாடியில் மோதிக் கீறாது. ஆனால் கூலன்ட் எண்ணெய் படிந்த கையால் மாட்டி மாட்டி அதன் ஓரம் ஊறி, தையல் விட்டுப்போனது. எண்ணெயில் ஊறிய தோலை மீட்க வழியில்லை. பட்டறையில் வேலை செய்பவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஸ்ட்ராப்பைத் தொட்டால், அதன் ஆயுள் ஒரு மடங்காவது கூடும்.

அடுத்து வந்தது ஸ்பிரிங் செயின். 1980களில் கள்ளிக்குப்பத்தில் செயின் கட்டாத இளைஞரைப் பார்ப்பது அரிது. ஒவ்வொரு கண்ணியின் உள்ளேயும் சின்ன வில்தகடுகள் வைத்து, இழுத்தால் நீளும்படி செய்த செயின் அது. அமெரிக்காவின் ஸ்பைடெல் கம்பெனி 1959இல் ட்விஸ்ட்-ஓ-ஃப்ளெக்ஸ் என்ற பெயரில் விற்ற செயின் உலகெங்கும் புகழ்பெற்று, அதன் சாயலில் எத்தனையோ செயின்கள் சந்தைக்கு வந்தன. கொக்கி இல்லை, கழற்றுவதும் மாட்டுவதும் ஒரு நொடி வேலை. தினமும் சாவி கொடுக்கும் வாட்ச்சுக்கு இது மிகப் பொருத்தம் என்றுதான் தோன்றும். கூட்டுக்கு வரும் கேடு பிறகுதான் தெரியும். ஜனதா போன்ற வாட்ச்கள் பலவற்றின் கூடு பித்தளையில் செய்து மேலே குரோமியப் பூச்சு கொடுத்தது; முதுகு மூடி மட்டும் எவர்சில்வர். செயினின் நுனித் தகடு கடினமான எஃகு. கை அசையும்தோறும் அது கால்களின் உள்பக்கத்தை அரம்போல ராவுகிறது. பூச்சு போனதும் வியர்வையின் உப்பு பித்தளையைப் பிடித்துப் பச்சைக் களிம்பு ஏறும். அந்த ஃபிட்டரின் வாட்ச்சில் நான்கு கால்களின் உள்பக்கமும் இன்று மஞ்சளாகத்தான் இருக்கிறது. பூச்சு போன இடத்தில் மறுபடி முலாம் பூசினால் பழைய விளிம்புகளின் கூர்மை போய்விடும். அதை அப்படியே விடுவதே மேல்.

மலிவுச் செயினில் நிக்கல் கலந்திருந்தால் மணிக்கட்டு அரித்துச் சிவக்கும். ஐரோப்பிய நாடுகள் 1994லேயே தோலில் படும் பொருள்களிலிருந்து கசியும் நிக்கலுக்கு வரம்பு விதித்துவிட்டன. செயின்தான் வேண்டும் என்பவர், முதலில் வாட்ச்சின் கூடு முழு எவர்சில்வரா என்று பார்க்க வேண்டும். சீகோ 5 அப்படிப்பட்டது. தகடு மடித்துச் செய்த அதன் பழைய செயின் தளர்ந்து சலசலத்தாலும் அதைக் கழற்றி எறியக் கூடாது, அந்த வாட்ச்சோடு பிறந்தது அது. புதிதாக வாங்குவதானால், கூட்டின் வளைவுக்கு ஏற்ப நுனி வளைந்த செயின் அந்தந்த மாடலுக்கென்று செய்ததாக இருக்க வேண்டும். பொதுவாகக் கிடைக்கும் வளைந்த நுனி எங்காவது இடிக்கும். நுனி நேராக உள்ள, அரிசி மணிகளைக் கோத்ததுபோன்ற மெல்லிய செயின்கள் 1960களின் வாட்ச்களுக்கு அழகாகப் பொருந்துகின்றன. கனத்த கட்டிச் செயின் இலேசான பழைய வாட்ச்சுக்கு ஆகாது.

நைலான் பட்டை ராணுவத்திலிருந்து வந்தது. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் 1973இல் வகுத்த தரத்தின்படி செய்த, 20 மில்லிமீட்டர் அகலச் சாம்பல் நிறப் பட்டையே இன்று நேட்டோ ஸ்ட்ராப் என்று கடைகளில் விற்பதன் மூலம். ஒரே நீளப் பட்டை இரண்டு பின்களுக்கும் உள்ளே நுழைந்து வாட்ச்சின் அடியில் ஓடும். ஒரு பின் போனாலும் மற்றது வாட்ச்சைத் தாங்கிக்கொள்ளும். எச்.எம்.டி. ஜவானுக்கும் பைலட்டுக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. பணி ஓய்வின்போது கம்பெனி கொடுத்து, முதுகில் பெயரும் தேதியும் பொறித்த வாட்ச்களுக்கும் இது நன்மை செய்யும். வியர்வை நேரே எழுத்தில் படாது. ஆனால் பட்டை அடியில் ஓடுவதால் வாட்ச் கையிலிருந்து எழும்பி நிற்கும். எச்.எம்.டி. சோனா போன்ற மெல்லிய தங்கமுலாம் வாட்ச்சுக்கு அது அழகைக் கெடுக்கும். சித்திரை, வைகாசி வெயிலுக்குப் பின்னல் நைலானில் செய்த பெர்லான் பட்டை நல்லது. மெலிதாக இருக்கும், காற்றுப் போகும், சோப்பு நீரில் அலசிக் காயவைத்தால் போதும். கொக்கி முள் பின்னலில் எங்கு வேண்டுமானாலும் குத்தும் என்பதால் அளவும் கச்சிதமாக வரும். ரப்பரும் சிலிகானும் நீச்சல் வாட்ச்களுக்கானவை, இங்கே அவற்றுக்கு வேலை இல்லை.

முதலைத் தோல், பாம்புத் தோல் ஸ்ட்ராப்கள் பழைய வாட்ச்களில் எப்போதாவது கண்ணில் படும். 1972இன் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் முதலைத் தோல் வணிகம் குற்றம். சென்னையைச் சுற்றியுள்ள இருளர்கள் ஒருகாலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். அந்த வணிகம் தடைபட்டபின் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, விஷம் எடுத்துப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடும் தொழிலுக்கு மாறினார்கள். கன்றுத்தோலில் முதலைச் செதில் அச்சு பதித்த ஸ்ட்ராப் தாராளமாகக் கிடைக்கிறது. அந்தத் தோற்றம் பிடித்தவருக்கு அதுவே போதும்.

நிறத்தில் கடுமையான விதி இல்லை. தங்கமுலாம் வாட்ச்சுக்குப் பழுப்பின் எந்தச் சாயலும் சேரும். கறுப்பு முகம் கொண்ட பைலட்டுக்கு இளம்பழுப்புத் தோல் எடுப்பு. வெள்ளை முகம் கொண்ட ஜனதாவுக்குக் கறுப்பும் கரும்பழுப்பும் பொருந்தும். தையல் நூல் தோலின் நிறத்திலேயே இருக்கட்டும். வெள்ளை நூல் கண்ணை வாட்ச்சிலிருந்து ஸ்ட்ராப்புக்கு இழுத்துவிடும்.

அந்த ஜனதாவில் இன்று இருப்பது 18 மில்லிமீட்டர் அகலமும் இரண்டு மில்லிமீட்டர் தடிமனும் உள்ள, ஆவாரம் பட்டையில் பதனிட்ட கரும்பழுப்பு ஆட்டுத்தோல். மாற்றும்போது கால்களில் டேப் ஒட்டி, கவட்டை நுனிக் கருவியால் பின்னை உள்ளே அழுத்தி எடுத்தார்கள். கொக்கியுள்ள குட்டைப் பாதி 12 மணிப் பக்கமும் துளையுள்ள நீளப் பாதி 6 மணிப் பக்கமும் வர வேண்டும். கட்டியபின் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு தளர்வு இருந்தால் வியர்வை தேங்காது. இரவில் கழற்றியதும் உள்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, காற்றில் விரித்து வைக்க வேண்டும், வெயிலில் அல்ல. ஈரத்தோடு பீரோவுக்குள் போன தோல் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

புது ஸ்ட்ராப்போடு வரும் கொக்கியை அதில் சேர்க்கவில்லை. முதல் கறுப்பு ஸ்ட்ராப்பில் இருந்த, எச்.எம்.டி. என்று பொறித்த கொக்கியையே மாட்டியிருக்கிறார்கள். ஸ்ட்ராப் மாற்றப் போகிறவர்கள் பழைய ஸ்ட்ராப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வராமல், கொக்கியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அகலம் ஒத்துவந்தால் அன்றே புதியதில் மாட்டச் சொல்லலாம். ஒத்துவராவிட்டாலும் வாட்ச்சின் பெட்டியில் போட்டு வையுங்கள், அதற்கேற்ற ஸ்ட்ராப் பிறகு கிடைக்கும்.